காட்டுவழி வந்தவர்களின் சுவட்டில்
தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குத் துவிச்சக்கரவண்டியில் ஒரு யாத்திரை

துவிச்சக்கரவண்டியில் ஊர் சுற்றுவது வாலிபர்களுக்கு உரிய விளையாட்டு என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவர் எமது நண்பர் ஒருவர். வயது அறுபத்தெட்டு; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; இறத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், லயத்து அறையொன்றிலே பிறந்தவர். 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூருமுகமாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஜூலை 28ஆந் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆந் திகதி நிறைவுற்ற அந்தப் பயணம் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அதில் கலந்துகொள்ள வேண்டுமென்று எமது நண்பர் ஆசைப்பட்டார். முழங்கால்கள் இடந்தரவில்லை. வைத்தியர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

அந்த ஏமாற்றத்தை அவர் ஓராண்டுக்கு மேலாக மனத்திலே வைத்துக்கொண்டிருந்தார் என்பது, ஒரு நாள் மாலை எமது வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தபோதுதான் எமக்குத் தெரிந்தது.

"நடக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. சைக்கிள் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். மீண்டும் வைத்தியரிடம் போய்க் கேட்டும் வந்திருந்தார்! உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு நடையைக் காட்டிலும் மிதித்தல் இலேசானதென்றும், மேட்டில் மட்டும் பிடிவாதமாக மிதியாமல் இறங்கித் தள்ளவேண்டுமென்றும் அவர் சொன்னாராம்.

தலைமன்னாரிலிருந்து புறப்படுவதென்றால் இருவர் வீட்டிலும் அனுமதி கிடைத்திராது. ஆகவே, முன்னோர் வந்த வழியின் கடைசிப் பகுதியை, அதாவது தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையுள்ள நாற்பத்தைந்து கிலோமீற்றர் சொச்சத்தை மட்டும், இரண்டு நாளில் கடப்பதென்று தீர்மானித்தோம். இளைஞன் ஒருவன் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிடக்கூடிய தூரந்தான். நாம் இளைஞர்களல்லர்.

வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பருடையது கறுப்பு நிறமான பழைய இரும்பு வண்டி. கியர் முதலிய அலங்காரங்கள் எவையும் இல்லாதது. பின்னால் அகலமான கரியர். எம்முடையதோ 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில் வாங்கப்பட்டது. கடைகளில் துவிச்சக்கரவண்டிக்கு வாய்க்கு வந்த விலை சொன்ன அந்தக் காலத்தை யார் மறப்பார்கள்! உத்தியோகத்தர்களும் வைத்தியர்களும் கழுத்துப்பட்டியோடு வண்டி மிதித்துச் சென்றார்கள். எரிபொருள் வந்ததும் வண்டிகள் வீட்டுப் பின்புறங்களுக்குப் போய்விட்டன. எம்முடையதும் அங்கேதான் கோழிகளுக்கு இருக்கையாகக் கிடந்தது.

தை மாதக் கடைசியில், மழை ஓய்ந்து வீதி உலர்ந்திருந்த ஒரு நாளில் புறப்பட்டோம். நண்பரின் பழைய மாணவர் ஒருவர் மரக்கறி லொறி வைத்திருக்கிறார். இரவு அவருடைய லொறியில், வெறும் கூடைகளுக்கிடையே வண்டிகளையும் எம்மையும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே தம்புள்ளைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டார்.

1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை விடியற்காலத்தில் பாராதவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். நுவரெலியாவின் கோவாவும் கரட்டும் ஒருபுறம், யாழ்ப்பாணத்து வெங்காயம் ஒருபுறம், சுற்றுவட்டக் கிராமங்களின் கத்தரியும் பூசணியும் மறுபுறம். மூட்டை சுமப்போரின் "வழி, வழி" என்ற கூச்சல் எங்கும். சிங்களத்தில் விலை பேசி, தமிழில் கணக்குப் பார்த்து, இரண்டிலும் ஏசிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு மூலையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார்: "எங்க பூட்டி இந்த இடத்தில என்ன பாத்திருப்பா?" காட்டைத்தான் பார்த்திருப்பாள்.

அவருடைய பூட்டி வந்தது தாது வருடப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தின்போது இலங்கைக்கு வந்தவர்களின் தொகை முன்னெப்போதும் இல்லாதபடி பெருகியது. பூட்டிக்கு அப்போது எட்டு வயதாம். இராமநாதபுரம் சீமையில் ஒரு கிராமம். பெயர் நண்பரின் குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லை. தாயோடும் தாய்மாமனோடும் கங்காணியின் கூட்டத்தில் சேர்ந்து, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறாள். தாய் மாத்தளைக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ வாந்திபேதியில் போய்விட்டாள். எந்த இடமென்று பூட்டியால் கடைசி வரை சொல்ல முடியவில்லை. "ஒரு பெரிய கல்லுமலை தெரிஞ்சிச்சு" என்பது மாத்திரமே அவள் சொல்லிவந்த அடையாளமாம்.

கல்மலை என்றால் தம்புள்ளைப் பாறையாகவும் இருக்கலாம். அந்தப் பிரதேசத்தில் பாறைகளுக்கா குறைவு! ஆனால் நண்பர் குகைக் கோயில்களைத் தாங்கி நிற்கும் அந்தக் கரும்பாறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாமும் அவசரப்படுத்தவில்லை.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்குவது நல்லது. தோட்டத் தொழிலாளர் என்றதும் தேயிலைதான் எமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் காட்டுவழி நடந்தவர்களுள் பெரும்பாலோரை அழைத்தது கோப்பி. 1820களில் கண்டிச் சீமையில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருங்கூட்டம் வேண்டியிருந்தது. ஆகவே அக்காலத்தவர்கள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஆண்கள், நடந்து வந்து, பறித்து, சேர்த்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே ஊருக்குத் திரும்பினார்கள். காடு, காய்ச்சல், தண்ணீர்த் தட்டுப்பாடு, வாந்திபேதி ஆகிய இத்தனைக்கும் போகும்போதும் வரும்போதும் இரட்டை வரி கொடுத்தவர்கள் அவர்கள். பின்னாளில் அரசாங்கம் வழியிலே தங்குகூடங்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணாகிவிட்டார்கள். 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோதுதான் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் குடும்பங்கள் வேண்டியதாயிற்று. நடையாகத் திரும்பிப்போகும் வழக்கம் அதோடு தேய்ந்தது, லயங்கள் நிரந்தரமாயின.

ஏழு மணிக்கு மிதிக்கத் தொடங்கினோம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி அல்லவா? பேருந்துகளின் வேகத்தைச் சொல்லி முடியாது. பின்னாலிருந்து ஊதல் ஒலி கேட்டதும் தார் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்கிவிடுவதே புத்திசாலித்தனமென்று முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் கற்றுக்கொண்டோம். ஆயினும் பேருந்துகள் ஓய்ந்த இடைவேளைகளில், வீதியோரத்துப் பெருமரங்களின் நிழலில், சக்கரம் உருளும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேளாத சில நிமிஷங்கள் கிடைத்தன. மோட்டார் வண்டியில் பலமுறை இந்த வழியே வந்திருக்கிறோம். இலெனதொறைக்கும் நாவுலைக்கும் இடையில் இத்தனை பறவைகள் பேசிக்கொள்கின்றன என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நாவுலைக்கு முன்னால் ஓர் ஏற்றம். நண்பர் இறங்கித் தள்ளினார். மரியாதைக்காக நாமும் இறங்கினோம். (உண்மையைச் சொன்னால் மரியாதை அரைப்பங்கு, மூச்சுவாங்கல் அரைப்பங்கு.) மேட்டின் உச்சியில் ஓலைக் கூரையின் கீழே இளநீரும் வெள்ளரிப் பழமும் வைத்திருந்த ஒரு சிங்கள மூதாட்டி எம்மைக் கண்டு, "இந்த வெயிலில் எங்கே போகிறீர்கள், மாத்தயா?" என்று கேட்டார். நண்பருக்குச் சிங்களம் நன்றாக வரும். பூட்டியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். மூதாட்டி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பின்பு, தமது தாயாரும் சொல்லக் கேட்டதுண்டென்றும், காட்டில் பழைய வழியொன்று இருந்ததாகவும், இருட்டியபின் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடமாட்டார்களென்றும் சொன்னார். இளநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நண்பர் வற்புறுத்தவே, ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். "மற்றது அந்தத் தாய்க்கு" என்றார்.

மத்தியானம் நாலந்தை சேர்ந்தோம். பெருவீதியைவிட்டுக் கிழக்கே சிறிது தூரம் உள்ளே போனால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், கருங்கல்லாலான ஒரு சிறு கோயில் தனியே நிற்கிறது. நாலந்தை கெடிகே என்பது அதன் பெயர். எட்டாம் நூற்றாண்டு என்பர் சிலர், பதினோராம் நூற்றாண்டு வரை இறக்குவர் வேறு சிலர். அமைப்பிலோ அது அசலான திராவிடக் கோயில். பல்லவர் கட்டடக் கலையைக் கண்டவர்கள் மாமல்லபுரத்தை நினைப்பார்கள். உள்ளே இருந்தது பௌத்த வழிபாடு. இலங்கையின் நடுமையம் இதுவே என்று ஒரு வழக்கும் உண்டு.

நாம் அங்கே அதிக நேரம் செலவிட்டதற்குக் காரணம் வேறு. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது இந்தக் கோயில் நின்ற இடம் நீருக்குள் போகவிருந்தது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்துக்குக் கொண்டுவந்து, முன்பிருந்தபடியே அடுக்கி, 1980இல் முடித்தார்கள். எத்தனை கவனம், எத்தனை பொறுமை! எந்தக் கல் எந்தக் கல்லுக்கு மேல் இருந்ததென்று தெரியாமல் இது நடந்திருக்குமா?

நண்பர் படியில் அமர்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதே காலத்திலதான் எங்களையும் கழட்டினாங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "ஆனா திருப்பி அடுக்கலை."

அவர் சொன்னது 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை. 1948இல் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களான மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. எண்களாகப் பார்த்தால் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. குடும்பங்கள் எண்களைப் போல வகுபடுவதில்லை. நண்பருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது; அவருடைய தம்பி, மனைவி வீட்டாரோடு இந்தியாவுக்கு விண்ணப்பித்து, 1970களின் இறுதியில் நீலகிரிக்குப் போய்விட்டார். பூட்டி நடந்து வந்த வழியிலே இவர் புகைவண்டியில் தலைமன்னாருக்குத் திரும்பிக் கப்பலேறினார். மன்னார்க் கரையிலிருந்து தலைச்சுமையாக வந்த ஒரு செப்புப் பானையும் அவரோடு போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பின் இரண்டு தடவைதான் நேரிலே சந்தித்திருக்கிறார்கள்.

அன்றிரவு நாலந்தைக்கு அண்மையில் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். சோறும் பருப்பும் பொரித்த கருவாடும் கிடைத்தன. நுளம்புகளும் கிடைத்தன.

மறுநாட் காலை வீதி மெல்ல மெல்ல மேலேறத் தொடங்கிற்று. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்திலுள்ளது. தம்புள்ளை அதன் பாதி உயரத்தில் இருக்கிறது. ஏற்றம் பெரிதல்ல. ஆனால் ஒரே சீராக இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாக வருகிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள்ளிருந்து ஒவ்வொரு முகடாக வெளிவந்தது. உலர்ந்த காட்டின் சாம்பல் நிறம் மாறி, பலாவும் கித்துளும் பாக்கும் நெருங்கின. காற்றில் ஒரு குளிர்ச்சி. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பல நாள் வெயிலில் நடந்தபின் இந்தக் குளிர்ச்சியை உணர்ந்தபோது என்ன நினைத்திருக்கும்?

பாலாபத்வளைக்கு முன்பாக எமது பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. நல்லவேளையாக அருகிலேயே ஒரு வண்டி திருத்தும் கடை. ரியூப்பை வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அரத்தால் உரசி, ஒட்டுப் போட்டுத் தந்த இளைஞர், தாம் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் இந்தத் தொழிலைக் கற்றதாகவும், இப்போது மோட்டார்ச் சைக்கிள்களால் பிழைப்பதாகவும் கூறினார். கடைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து இறப்பர் மரங்கள் நின்றன. மரத்தில் பால் வடிகிறது. பத்தடி தள்ளி அதே பால் ரயராகிச் சக்கரத்தில் ஓடி, முள் குத்தி, ஒட்டுப் போட வருகிறது. மாத்தளை மாவட்டத்தில் இப்படித்தான். தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு, ஏலம், கராம்பு ஆகிய எல்லாம் ஒரே மாவட்டத்துள்ளே அடக்கம்.

வாசனைத் திரவியத் தோட்டங்களை இந்த வீதியில் பார்க்கலாம். உல்லாசப் பயணிகளை அழைத்துச் சென்று மிளகுக் கொடியைக் காட்டி, கறுவாப் பட்டையை முகரச் செய்து, முடி வளரவும் முழங்கால் வலி தீரவும் தைலம் விற்கிறார்கள். நண்பரும் ஒரு குப்பி வாங்கினார். பலன் எப்படியென்று இன்றுவரை அவர் எமக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்து வேலியோரத்தில், யாரும் கவனியாத ஒரு மூலையில், சிவந்த பழங்களோடு இரண்டு கோப்பிச் செடிகள் நின்றதை அவரே முதலில் கண்டார். வழிகாட்டி இளைஞர் அதைப் பற்றிச் சொல்ல மறந்திருந்தார். நண்பர் ஒரு பழத்தைப் பறித்து, தோலை நீக்கி, வாயிலிட்டுப் பார்த்து, "இனிக்குதே!" என்றார், ஏதோ கசக்கும் என்று எதிர்பார்த்தவரைப் போல.

நகருக்கு மூன்று கிலோமீற்றர் முன்னால் அளுவிகாரை. வட்டகாமினி அபயன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பௌத்தத் திரிபிடகத்தை ஐந்நூறு பிக்குகள் கூடி ஏட்டில் எழுதிய இடம் இதுவென்பர். பஞ்சத்தாலும் போராலும் மனனம் செய்தவர்கள் மடிந்துபோனால் மறையும் கூடவே மடியுமென்ற அச்சமே எழுதத் தூண்டியதாம். 1848இல் பிரித்தானியருக்கெதிராக இந்த மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது இங்கிருந்த நூல்நிலையம் அழிந்தது. அந்தக் கிளர்ச்சிக்கு இருந்த காரணங்களுள் ஒன்று, ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்ற சட்டம். நாம் சுகமாக உருண்டு வந்த வீதிகளின் பழங்கணக்கில் இப்படி எத்தனையோ உண்டு.

நண்பர் ஏடெழுதும் ஊழியர் ஒருவர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரிபூசித் துடைத்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பூட்டி சொன்னதை யாராச்சும் எழுதி வச்சிருந்தா, அந்த ஊர் பேராவது மிஞ்சியிருக்கும்" என்றார். நாம் இதனை எழுதுவதற்கு அந்த வார்த்தையே காரணம் என்றும் சொல்லலாம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் முன்னால் இறங்கினோம். 108 அடி உயர இராசகோபுரம் வெயிலில் பலநிறமாக எழுந்து நின்றது. 1983 கலவரத்தில் சேதமுற்று மீண்டெழுந்த கோயில் இது. மாசிமகத்துக்குச் சில வாரங்களே இருந்தமையால் பஞ்சரதங்களுள் ஒன்றின் சக்கரத்துக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிவீதியில் செருப்பையும் வண்டியையும் விட்டு, நண்பர் நேரே உள்ளே போகவில்லை. கோபுரத்துக்குக் கீழே நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றார். காட்டைத் தாண்டி வந்தவர்கள் கண்ட முதற் பெரிய ஊர் மாத்தளை. பிழைத்தோம் என்று அவர்கள் எண்ணியது இங்கேதான். இங்கிருந்துதான் தோட்டந்தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

இறத்தோட்டைக்கும் அதற்கப்பால் றிவஸ்ரனுக்கும் வண்டியில் ஏறுவதென்று முதலில் ஒரு திட்டம் வைத்திருந்தோம். மாத்தளையிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் ஆயிரம் மீற்றரைத் தாண்டும் உயரத்துக்கு ஏறும் வளைவு வீதி அது. மேலே காற்று ஆளைத் தள்ளும் என்பார்கள். கியர் உள்ள வண்டியும் முப்பது வயதும் உடையவர்கள் தாராளமாகப் போகலாம். மழைக்காலத்தில் மாத்திரம் வேண்டாம். நாம் கோபுரத்து நிழலில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அந்தத் திட்டத்தைப் பேச்சின்றியே கைவிட்டோம்.

நண்பர் கைத்தொலைபேசியை எடுத்து நீலகிரிக்கு அழைத்தார். மாத்தளையில் நிற்கிறேன், தம்புள்ளையிலிருந்து மிதித்தே வந்துவிட்டேன் என்று சொல்லிச் சிறுபிள்ளையைப் போலச் சிரித்தார். மறுமுனையில் தம்பியும் சிரிப்பது எமக்குக் கேட்டது. பானை பத்திரமாக இருக்கிறதா என்று இவர் கேட்டார். இருக்கிறதாம், பேத்தி அதிலே பூச்செடி வைத்திருக்கிறாளாம். பிறகு தம்பி ஏதோ கேட்டார். நண்பர் உடனே விடை சொல்லவில்லை. கையால் தொலைபேசியை மூடிக்கொண்டு எம் பக்கம் திரும்பி, "இறத்தோட்டை பஸ் இன்னமும் அந்த மரத்தடியிலேயிருந்துதான் போகுதான்னு கேக்கிறான்" என்றார்.

நாம் வீதியைப் பார்த்தோம். அந்த மரத்தை வெட்டிப் பல வருஷமாகிறது.

"ஆமாப்பா, அங்கேயிருந்துதான்" என்றார் நண்பர் தொலைபேசியில்.